ரத்தம் சார் காவலிருந்த ஐஸ்கிரீம் பெட்டி

வேலூர் வட்டாரத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரிடம் ரத்தம் எடுத்தவர் எங்கள் ரத்தம் சார்தான். கொசுவாவது கேட்காமல் எடுக்கும். இவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுப்பார்.

நான் கிளார்க்காக இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் அவர் விஞ்ஞானி. நரம்பைத் தாக்கும் விஷவாயுவுக்கு, மனித ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தையே மருந்தாக்க முடியுமா என்பது அவர் ஆராய்ச்சி. அந்தப் புரதம் ரத்தத்தில் துளியூண்டுதான் இருக்கும். அதனால் யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி நீட்டிய கையை உற்றுப் பார்த்து, "ஊசி போட நல்ல நரம்பு" என்றாராம். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

ஒருநாள் எங்கள் டெக்னீஷியன் ரஃபி பாய், அவரை ஆம்பூரில் தன் மச்சான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு ரத்தம் எடுக்க அழைத்துப்போனார். கூட நானும் போனேன். சாப்பாட்டு நேரத்தில், தையல் பிரிவு மேரியக்கா கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"எங்க ரத்தத்துல அப்படி இன்னா சார் இருக்கு?"

"ஒரு காவல்காரன் இருக்காம்மா. நரம்பைப் பிடிக்க வர்ற விஷத்தை வழியிலயே மடக்கிடுவான். ஆள் கம்மி, அதான் எல்லார்கிட்டயும் கொஞ்சம் வாங்கிச் சேர்க்கறேன்."

"அவ்ளோ பெரிய ஆளு உள்ளாற இருந்துமா நான் சூப்பர்வைசருக்கு பயப்படறேன்?"

பக்கத்திலேயே நின்ற ரஃபியின் மச்சான்தான் அந்த சூப்பர்வைசர். அவர் சாப்பாடு முடியும் முன்பே மணியடித்துவிட்டார்.

எட்டு மாதம் இப்படிச் சேர்த்துப் பிரித்தெடுத்த புரதம் முழுக்க ஒரே ஃப்ரீஸரில் இருந்தது. சோதனைக்கு முந்தின நாள், சித்திரை வெயிலில், அந்த ஃப்ரீஸர் உயிரை விட்டது. சார் புரதத்தை ஐஸ் பெட்டியில் அடைத்து, அதைக் கட்டிப்பிடித்தபடி தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினார். கடைக்காரர் நல்ல மனுஷன், இடம் கொடுத்தார். சார் உடனே ஒரு ஸ்டூலைப் போட்டு கடை ஃப்ரீஸர் மூடிமேல் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு குல்ஃபி" என்றார் வந்தவர்.

"திறக்கக்கூடாது. டீ சாப்பிடுங்க."

"சார், பேஜார் பண்ணாதீங்க. இது ஐஸ்கிரீம் கடை!" என்று கத்தினார் கடைக்காரர்.

"உள்ள எட்டு மாசம் இருக்குதுங்க" என்றார் சார். இன்னொரு கையையும் மூடிமேல் வைத்துக்கொண்டார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

சாயங்காலம் எங்கள் ஃப்ரீஸருக்கு மெக்கானிக் உயிர் கொடுத்தார். மறுநாள் காலை சோதனை. விஷவாயுவுக்குப் பங்காளி முறையான ஒரு பூச்சிமருந்தைத்தான் கண்ணாடிக் குழாயில் புரதத்தோடு விட்டார்கள். மதியம் கதவு திறந்தது. சார் வெளியே வந்தார்.

"இன்னா சார் ஆச்சு?" என்றேன்.

"மடக்கிடுச்சு. எல்லாக் குழாய்லயும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே, "மனுஷனுக்குப் போட இன்னும் பல வருஷம் ஆவும்" என்றார்.

ரஃபி பாய் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர் நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பார், எச்சில் கையோடு மேஜையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. நான் எழுந்துபோய் டேபிள் ஃபேனை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.