மெட்ராஸ் மணியை உருவாக்கியவர்

மனித குலத்தில் ‘உருவாக்கியவர்’ என்று ஓர் இனம் உண்டு. பிரம்மாவைச் சொல்லவில்லை. பிரம்மா படைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். தமக்கென்று ஒரு கோயில்கூடக் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. நான் சொல்கிற இனம் யாரையும் படைப்பதில்லை. யாரோ ஒருவன் முட்டி மோதித் தலையெடுத்த பிறகு, பக்கத்தில் வந்து நின்று அந்தத் தலையைத் தடவிக்கொண்டே, “இவனா? நம்ம பையன். நான்தான் கொண்டுவந்தேன்” என்று சொல்லும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கலெக்டரானவனுக்குப் பரீட்சை அன்று பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தவர், பாடகியின் தொண்டைக்கு முதன்முதலில் மிளகுக் கஷாயம் சொன்னவர், இப்படி. அடையாளம் காண்பது சுலபம். ஜெயித்தவனைப் படம் பிடித்தால் ஓரத்தில் பாதித் தோளோடு நிற்பார். மாலை அவர் கழுத்தில் இருக்காது. அதிலிருந்து உதிர்ந்த பூ ஒன்று அவர் கையில் இருக்கும்.

இந்த இனத்தில் நான் பார்த்த முதல்தரமான உருப்படி மட்டாஞ்சேரி வெங்கிட்டு. முழுப்பெயர் வெங்கிடேஸ்வரன். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவருக்கு பஜாரில் ஒரு மிளகு மண்டியில் குமாஸ்தா வேலை. வாழ்நாளில் பந்தை உதைத்தவரில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. குதிரையைப் பழக்குகிறவன் தானும் கூட ஓடவேண்டுமா என்று கேட்பார். குதிரையையும் அவர் பழக்கியதில்லை.

அவர் உருவாக்கியது ஒரு கால்பந்து ஆட்டக்காரரை. இசக்கிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து, பாண்டிகசாலை என்கிற சரக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்க வந்தவரின் மகன். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து, மூட்டைக்கும் மைதானத்துக்கும் நடுவே வளர்ந்தவர். ஆடியதும் நடுவேதான். லிங்க்மேன் என்பார்கள் அந்நாளில். பின்னால் நிற்பவர்கள் பிடுங்கித் தருகிற பந்தை வாங்கி, முன்னால் நிற்பவர்கள் அடிப்பதற்கு வாகாகக் கொண்டுசேர்ப்பது வேலை. கல்யாண வீட்டில் கோட்டையடுப்புக்கும் பந்திக்கும் நடுவே வாளியோடு ஓடுகிறவனைப் போல. சாப்பிட்டவர்கள் சமையல்காரரைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். வாளிக்காரன் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? உருவாக்கியவர் இனத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. கோல் அடிக்கிறவனை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. லிங்க்மேனுக்குத்தான் ஆள் வேண்டும்.

உருவாக்கிய வரலாறு இது. எழுபத்தொன்றாம் வருஷம் கோட்டைக்கொச்சி மைதானத்தில் பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்டம் ஒன்று. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த வெங்கிட்டுவின் குடையில் வந்து இடித்தது. அவர் குனிந்து எடுத்தார், வேட்டியில் படாமல் நீட்டிப் பிடித்துக் கொடுத்தார், “நடுவுல நின்னு ஆடுடா” என்றார். வாங்க வந்த இசக்கிமுத்து திரும்பி ஓடி நடுவில் நின்றான். அதற்கு முன்பும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை முதலாக வைத்துக்கொண்டு வெங்கிட்டு எத்தனை வருஷம் வியாபாரம் செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

இந்த இனத்துக்கென்று சில நித்திய கர்மங்கள் உண்டு. ஆட்டத்தன்று காலையில் வெங்கிட்டு நெற்றியில் சந்தனத்தோடும் கையில் நேந்திரம்பழத்தோடும் இசக்கிமுத்துவின் வீட்டுக்குப் போய், பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று உபதேசம் செய்துவிட்டு வருவார். மத்தியானம் மண்டியில் பாட்டிக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டு (பாட்டி காலமாகிப் பல வருஷம்) மைதானத்துக்கு வந்து, நடுக்கோட்டருகே குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். பந்து வடக்கே போனால் குடை வடக்கே போகும். இடைவேளையில் ஓடிப்போய், ஆளைப் பார்க்காதே, பந்தைப் பார் என்பார். ஆட்டம் முடிந்ததும் சாயாக்கடை. அங்கே கிளாஸ்கள் தடுப்பாட்டக்காரர்களாகவும் பழம்பொரிகள் முன்வரிசையாகவும் நின்று மொத்த ஆட்டமும் திரும்ப நடக்கும். ஜெயித்திருந்தால், காலையிலேயே சொல்லி அனுப்பினேன் என்பார். தோற்றிருந்தால், காலையில் அவன் வீட்டுக்குப் போக முடியாமல் போய்விட்டது என்பார். தோற்ற நாட்களில் எல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடுவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

இசக்கிமுத்துவுக்கு இதெல்லாம் தொந்தரவாகத் தோன்றியதா என்றால், இல்லை. கும்பிடுபோட்டு, பழத்தை வாங்கிக்கொண்டு, “சரி சாமி” என்பார். பிறகு தமக்குத் தெரிந்தபடி ஆடுவார்.

எழுபத்தாறில் தேவரா பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி அவரைத் தன் டீமில் எடுத்துக்கொண்டது. பேர் வேண்டாம். அந்நாளில் பந்தாட்டத்தை நம்பிப் பிழைப்பது என்றால் இதுதான்: காலையில் ஏதோ ஒரு மேசையில் உட்காரவைப்பார்கள், மாலையில் ஆடவைப்பார்கள்; ஒன்றிரண்டு வருஷம் தற்காலிகம், ஒழுங்காக இருந்தால் உறுதியாக்குவார்கள். உறுதியாகிவிட்டால் கால் ஓய்ந்த பிறகும் நாற்காலி ஓயாது. மூட்டை தூக்கி முதுகு வளைந்த ஒரு மனிதரின் மகனுக்கு அந்த நாற்காலி என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதை நம்பித்தான் அவருக்குச் சந்தனமாரியைக் கட்டிவைத்தார்கள். வெங்கிட்டு தம் பங்குக்கு, கம்பெனி தம்மிடம் யோசனை கேட்டுத்தான் எடுத்தது என்று பஜார் முழுக்கச் சொன்னார்.

இங்கே செவன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஊர் ஊராக, ஓலை மறைப்புக் கட்டி, கமுகுமரத்தில் கேலரி போட்டு, பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுகிற ஆட்டம். பதிவுபெற்ற ஆட்டக்காரர்கள் அதில் ஆடக் கூடாது என்று பந்தாட்டச் சங்கம் விதி வைத்திருந்தது. ஆகவே எல்லோரும் ஆடினார்கள். வேறு பேரில். நோட்டீஸில் பாதிப் பேர் பாபுவாக இருப்பார்கள், ஊர் மட்டும் தூரத்து ஊராகப் போட்டிருக்கும். இசக்கிமுத்துவுக்கு வாய்த்த பேர் மெட்ராஸ் மணி. மெட்ராஸை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

இதில் ஒரு மரியாதை இருந்தது, அதுதான் முக்கியம். கம்பெனி அதிகாரிகளும் சங்கத்துப் பெரியவர்களும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துதான் செவன்ஸ் பார்ப்பார்கள். தங்கள் ஆட்டக்காரர் எதிரே வந்தால், வெளியூர்க்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். தெரியும், ஆனால் தெரியாது. யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை எல்லோருக்கும் சுகம். கொச்சிக் காயலில் எத்தனையோ மூழ்கிக் கிடக்கிறது, யாரும் கிளறுவதில்லை.

எழுபத்தெட்டு மார்ச்சில் இடக்கொச்சியில் ஓர் இறுதி ஆட்டம். அடுத்த மாதம் இசக்கிமுத்துவின் வேலை உறுதியாகவேண்டும். கம்பெனி டீமில் அவரை ஓரத்தில் நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆடவேண்டும் என்ற தாகம் தாங்காமல்தான் செவன்ஸுக்குப் போனதாக அவரே பிறகு சொன்னார். அன்றைய தலைமை விருந்தாளி அவருடைய கம்பெனியின் விளையாட்டு அதிகாரியேதான். ஆட்டத்துக்கு முன் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தவர், மெட்ராஸ் மணியின் கையையும் குலுக்கி, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று மலையாளத்தில் விசாரித்தார். சௌகரியம்தான் என்றார் இசக்கிமுத்து. நான் பார்த்த மிகப் பண்பான காட்சிகளில் அதுவும் ஒன்று.

அன்று இசக்கிமுத்து ஆடிய ஆட்டத்தை எனக்கு வர்ணிக்கத் தெரியாது. மூன்று கோலும் மற்றவர்கள் அடித்தார்கள்; மூன்றும் அவர் கொடுத்தது. கோளாம்பி ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மெட்ராஸ்காரனின் காலைப் பாருங்கள், மெட்ராஸில் சொல்லிக்கொடுக்கிற முறையே வேறு, நம் ஊரில் இப்படி ஒருவன் உண்டா என்று ஏங்கினார்.

வெங்கிட்டு இதைக் கேட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்தார். தடை அவருக்குத் தெரியும். வேலை விஷயமும் தெரியும். ஆனால் தாம் உருவாக்கியதை மெட்ராஸ் உருவாக்கியதாக இரண்டாயிரம் பேர் நம்புகிறார்கள். இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் இதைப் பொறுத்துக்கொள்வாரா? குடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். மேடைக்குப் போனார். மைக்கை வாங்கினார்.

“மெட்ராஸும் அல்ல, மணியும் அல்ல. இது நம்முடெ மட்டாஞ்சேரி இசக்கிமுத்து. தேவரா கம்பெனியிலெ லிங்க்மேன். இவனெ உண்டாக்கியது ஞானாக்கும்.”

கைதட்டல் வானைப் பிளந்தது. மைதானத்தின் நடுவே இசக்கிமுத்து இடுப்பில் கைவைத்து நின்றார். முன்வரிசையில் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

மறுநாள் அவர் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னாராம். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம், இரண்டாயிரம் பேரோடு சேர்ந்து கேட்டதை எப்படிக் கேட்கவில்லை என்பது என்று. வேலை போயிற்று. சங்கமும் தடை போட்டது. அதுவும் சாதாரணத் தடையில்லை, பதிவுபெற்ற எந்த டீமிலும் அந்தப் பேரில் இனி இடமில்லை.

வெங்கிட்டு ஒரு வாரம் சாயாக்கடைப் பக்கம் வரவில்லை. வருந்துகிறார் என்று நானும் நினைத்தேன். வந்தவர், கம்பெனிக்காரன் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தான், அவிழ்த்துவிட்டது நான்தான் என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இசக்கிமுத்து ஊரைவிட்டுப் போனார். சில வருஷம் எங்கெங்கோ செவன்ஸ் ஆடினார். இப்போது வடக்கே ஓர் எஸ்டேட் டீமில், இன்னொரு பேரில் ஆடுகிறார். டீம் சங்கத்தின் ஜில்லா லீக்கில் பதிவானது. எஸ்டேட் முதலாளிக்கு இவர் யார் என்று தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை தெரியாது. இந்த சீசன் முடிந்ததும் ஃபாக்டரியில் நிரந்தர வேலை தருவதாகப் பேச்சு. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மழைக்காலத்தில் வீங்குகிறது. இதை விட்டால் அடுத்தது கிடையாது. குடும்பம் மட்டும் மட்டாஞ்சேரியில் இருக்கிறது.

போன மாதம் வெங்கிட்டு ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு சந்தனமாரியின் வாசலில் போய் நின்றார். நான் பக்கத்து வீட்டுக்கு வேறு காரியமாகப் போயிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது. அவன் எங்கே ஆடுகிறான் என்று சொன்னால், நேரில் போய் அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன் என்றார். அவள் பழத்தை வாங்கவில்லை.

“எங்க இருக்காருன்னு மட்டும் கேக்காதீய சாமி. அவரு யாருன்னு தெரியாத எடத்துலதான் எங்களுக்குச் சோறு கெடைக்கி.”

“மனுஷனா பொறந்தா பேர் வேண்டாமா, சந்தனமாரி?”

“அது ஒங்களுக்குல்லா வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் சாயாக்கடையில் அவர் எங்களிடம் சொன்னார், இசக்கி இருக்கிற இடம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லவேண்டாம் என்று அவள் வாயைக் கட்டிவைத்திருப்பதே நான்தான் என்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இந்த இனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சும்மா ஒன்று மட்டும் நினைத்துப்பாருங்கள். ஏதோ வேலையாக நீங்கள் வடக்கே போகிறீர்கள். வழியில் ஒரு மைதானம், கூட்டம். எட்டிப்பார்த்தால், நடுவில் ஒருவர், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் உங்களைப் பார்த்து, “யாருங்க இவரு? எங்கயோ பெரிய எடத்துல ஆடியிருக்கணும்” என்கிறார். அந்த மைதானத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். யாரிடமும் சொல்லிவிடப் போவதில்லை. கேட்டவர் ஒருவரிடம் மட்டும், அதுவும் காதோடு. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்களா?

யோசிக்கிறீர்கள். அதனால்தான் எஸ்டேட்டின் பேரை உங்களுக்கும் நான் சொல்வதாக இல்லை.