சிற்றம்பலத்தாரின் மலை

“அப்பா, மலை எந்தப் பக்கம் எண்டு கேக்கினம்!”

யதுர்ஷிகா கைபேசியை நீட்டியபடி கிணற்றடிக்கு ஓடிவந்தாள். சிற்றம்பலம் வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டார்.

“ஆர் கேக்கினம்? என்ன மலை?”

“காம்பர் வானில வாற ஆக்கள். வவுனியா தாண்டிட்டினமாம். மலை தெரியிற பக்கமா வானை நிப்பாட்டோணுமாம். விளம்பரத்தில என்னப்பா எழுதினனீங்கள்?”

சிற்றம்பலம் தலையைச் சொறிந்தார். கனகராயன்குளத்துக்கு உள்ளே, ஒரு சின்னக் குளத்தோரமாக அவருக்குக் கொஞ்சம் மேட்டுக்காணி கிடந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள வான் வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள் அங்கே ஒரு இரவு தங்கட்டும் என்பது மகளின் யோசனை. கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, சுற்றிவர ஒரு வெளிச்சமும் இல்லை, படுத்திருந்து வானத்து வெள்ளிகளைப் பார்க்கலாம். இவ்வளவுதான் அவள் எழுதச் சொன்னது. மலைநாட்டில் யாரோ போட்டிருந்த விளம்பரம் வடிவாக இருக்கிறதே என்று, அதிலிருந்து ‘கண்கொள்ளா மலைக்காட்சி’யை எடுத்துச் சேர்த்தது அவருடைய கைங்கரியம்.

“எல்லாரும் போடினம், நானும் போட்டன். கலியாணக் கார்டில ‘சுற்றமும் நட்பும் சூழ’ எண்டு போடுறமே. கோவிச்சுக்கொண்டு நிக்கிற சித்தப்பன் வராட்டி, ஆரும் கார்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகினமே?”

“வன்னியில ஏதப்பா மலை! இவைதான் முதல் வாற ஆக்கள். இவை நல்லா எழுதினாத்தான் மற்றவை வருவினம். இல்லாட்டி நான் கொழும்புக்கு வேலைக்குப் போறதுதான், சொல்லிப்போட்டன்.”

அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் சிற்றம்பலம் பயந்தார். ஒரே பிள்ளை. அவளும் போய்விட்டால் வீட்டில் அவரோடு சண்டை பிடிக்கக்கூட ஆள் இருக்காது.

பரிதாபமாகக் குளத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அக்கரையில் கிரவல் மண் கும்பி! குளக்கட்டுத் திருத்த வேலைக்குப் போன கிழமை டிப்பர்கள் கொண்டுவந்து கொட்டியது. வழமையாகக் கட்டு நீளத்துக்குச் சின்னச் சின்னதாகக் கொட்டிக்கொண்டு போவார்கள். இந்தமுறை யார் செய்த புண்ணியமோ, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூராகக் குவித்திருந்தார்கள். பின்னேர வெயிலில், தண்ணீருக்கு அப்பால், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் குன்று. நன்றாகச் சுருக்கினால் இமயமலை.

“பிள்ளை, வானைக் குளத்தைப் பாத்து நிப்பாட்டச் சொல்லு!”

வான் வந்தது. முதலில் குதித்து இறங்கியவள் சாரங்கா. பின்னால் அவளுடைய கணவன் கிருசாந்தன், தோளில் ஒரு பெரிய தொலைநோக்கியோடு இறங்கினான். இருவரும் கொழும்பிலிருந்து வருகிறார்கள்.

“அங்கிள், மலை எங்க?”

“உதோ!”

சாரங்கா பார்த்தாள். தலையைச் சரித்தும் பார்த்தாள். “கொஞ்சம் சின்னனா இருக்கே?”

சிற்றம்பலம் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தார். நல்லவேளை, கிருசாந்தன் முந்திக்கொண்டான்.

“தூரத்தில நிக்குது, சாரங்கா. தூரத்தில நிண்டா எல்லாம் சின்னனாத்தான் தெரியும்.”

நீ நல்லாய் இருக்கோணும் ராசா என்று சிற்றம்பலம் மனதுக்குள் வாழ்த்தினார். இப்படி ஒரு அப்பாவியை அவர் தன் சீவியத்தில் கண்டதில்லை.

“கலியாணம் கட்டின நாளிலயிருந்து மலை காட்டுறன், மலை காட்டுறன் எண்டு ஏமாத்திக்கொண்டு திரியிறார் அங்கிள்,” என்றாள் சாரங்கா. “கிழமைக்கொரு ஊரில வேலை. வெளிக்கிடேக்க வேலையிடத்திலயிருந்து ஒரு போன் வரும், பயணம் நிண்டிடும். இந்தமுறை போனைப் பறிச்சு என்ர பைக்குள்ள போட்டிட்டன். அதுசரி, உந்த மலைக்கு என்ன பேர்?”

“கந்தமலை.”

அது அவர் வாய்க்குள் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

“அப்ப மேல முருகன் கோயில் இருக்குமே?”

“இல்லாமலோ!”

“ஐயோ, நல்லதாப் போச்சு! விடிய முழுகிப்போட்டு ஏறிக் கும்பிட்டிட்டு வருவம்!”

யதுர்ஷிகா அப்பாவின் முழங்கையில் நன்றாக ஒரு நுள்ளு நுள்ளினாள்.

“ஏறேலாது பிள்ளை,” என்றார் சிற்றம்பலம், நோவை விழுங்கிக்கொண்டு. “நாப்பது நாள் விரதம் பிடிச்ச ஆக்கள் மட்டும்தான் ஏறலாம். மற்றவை இஞ்ச நிண்டு கும்பிடுறதுதான் முறை.”

“வேலாவது தெரியுமோ?”

“பின்னத் தெரியாமலோ! காலமை வெயில் பட்டாத் தகதகக்கும்.”

வேலுக்கு எங்கே போவது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்.

பொழுது படும் நேரத்தில் கிருசாந்தன் தொலைநோக்கியை முக்காலியில் பூட்டி நிமிர்த்தினான். சாரங்கா உடனே அதைக் கந்தமலைப் பக்கம் திருப்பினாள். சிற்றம்பலம் தடுக்க எழும்பினார். அதற்குள் கிருசாந்தன் பாய்ந்து வந்து குழாயை மேலே தூக்கினான். “இஞ்ச பார், வியாழன்!” அவள் மறுபடி மலைக்குத் திருப்பினாள். அவன் மறுபடி வானத்துக்குத் தூக்கினான். பெடியனுக்கு வெள்ளி என்றால் விசர் போல என்று நினைத்துக்கொண்டார் சிற்றம்பலம்.

நன்றாக இருட்டியபிறகு யாரும் தொலைநோக்கியைத் தேடவில்லை. பாயை விரித்து எல்லோரும் அண்ணாந்து படுத்திருந்தார்கள். வானம் முழுக்க வெள்ளி. குளத்துக்குள்ளும் வெள்ளி.

“இவ்வளவும் இத்தனை நாளும் எங்க இருந்தது?” என்று சாரங்கா கேட்டாள். சிற்றம்பலத்துக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை. ஏதோ இரவிரவாகத் தானே ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகக் கொளுத்திவிட்டு வந்ததுபோல ஒரு பெருமை.

விடியுமுன் வீட்டுச் சாமியறையில் இருந்த வேலை எடுத்துச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு, சைக்கிளில் குளக்கட்டைச் சுற்றி மிதித்தார். கும்பியின் உச்சியில் வேலை நட்டு, சிவப்புத் துணி கட்டி, செவ்வரத்தம்பூ வைத்து, மனம் கேளாமல் ஒரு துண்டு கற்பூரமும் கொளுத்திவிட்டுத் திரும்பினார். வெயில் பட்டதும் வேல் உண்மையாகவே தகதகத்தது. சாரங்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். கிருசாந்தன் மட்டும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அந்த வேலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதைக் கழற்றிக்கொண்டு வருவோமென்று இவர் மறுபடி போய்ச் சேர்வதற்குள், டிப்பர்களும் மண் அள்ளுகிற பெக்கோவும் வந்துவிட்டன. ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். பெக்கோ ஓட்டுகிற செல்வநாயகம் நெற்றி நிறைய விபூதியோடு ஓடிவந்தான்.

“ஐயா, முருகன் வந்திருக்கிறார்! நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஆள் இல்லை!”

“தம்பி, அது என்ர வேலடா. எடுத்துக்கொண்டு போறன்.”

“கையை வையாதைங்கோ! நீங்கள் வச்சதெண்டாலும் உங்களை வைக்கச் சொன்னது ஆர்? வந்த சாமியைக் கிளப்பினா மழை ஏமாத்திப்போடும். நான் உதில பெக்கோ வைக்கமாட்டன்.”

“அப்ப குளக்கட்டு வேலை?”

“இஞ்சினியர் சேர்தான் முடிவு சொல்லோணும். அவர் லீவு. போன் அடிச்சுப் பாப்பம்.”

மாரிக்கு முன் கட்டு முடியாவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. முதலில் காய்வது அவருடைய வயல்தான். தன்னுடைய வயலுக்குத் தானே வேல் குத்திவிட்டு வந்திருக்கிறார்!

சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே வானடிக்குப் போனார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பிள்ளை, என்னை மன்னிக்கோணும். அது மலை இல்லை. கிரவல் கும்பி. கோயிலும் பொய், விரதமும் பொய். வேல் மட்டும் உண்மை, அது எங்கட வீட்டு வேல். இவளில ஒரு பிழையும் இல்லை. எழுதுறதெண்டால் என்னைப் பற்றி எழுதுங்கோ.”

சாரங்கா அவரைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“அங்கிள், உண்மையா மலை இருந்திருந்தால் அரைவாசி வானத்தை மறைச்சிருக்கும். இராத்திரி நான் பாத்தது முழு வானம். அதைத்தான் எழுதப்போறன். அடுத்த மாசம் என்ர சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

யதுர்ஷிகா அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். நேற்று நுள்ளிய இடத்தைத் தடவியும் விட்டாள். கொழும்பைப் பற்றி இனிப் பேச்சில்லை என்பது அந்தத் தடவலிலேயே சிற்றம்பலத்துக்கு விளங்கியது.

“இவர்தான் பாவம்,” என்றாள் சாரங்கா. “பச்சைப் பிள்ளைமாதிரி எல்லாத்தையும் நம்பிட்டார்.”

கிருசாந்தன் குனிந்த தலை நிமிராமல் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

சாரங்காவின் பைக்குள் போன் அடித்தது. கிருசாந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“வேலையிடம்தான். இண்டைக்கு நான் நல்ல சந்தோசமா இருக்கிறன், கதைச்சிட்டுப் போங்கோ,” என்று அவளே அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“சேர், பெக்கோ செல்வநாயகம் கதைக்கிறன். ‘தூரத்தில நிண்டு பாத்தா மலைமாதிரித் தெரியோணும், கூராக் குவி’ எண்டு போன கிழமை பக்கத்தில நிண்டு கொட்டுவிச்சீங்களே, அந்தக் கிரவலில முருகன் வந்து நிக்கிறார். அள்ளுறதோ, கும்பிடுறதோ?”