மஞ்சள் கோட்டுக்கு வெளியே கேட்டு நைனா

இந்தியாவின் மீது இதுவரை யாரும் ஆவடி வழியாகப் படையெடுக்கவில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் எங்கள் கேட்டு நைனாதான். சத்தியமாகச் சொல்கிறேன். எதிரி பீரங்கியோடு வந்திருந்தாலும், "பாஸ் எடு" என்று ஓரங்கட்டியிருப்பார்.

எண்பதுகளில் அங்கே ஒரு ராணுவத் தொழிற்சாலையில் நான் பாஸ் எழுதும் குமாஸ்தா. சாதாரணக் காவலாளியாகச் சேர்ந்த நைனா, அதற்குள் பாதுகாப்புப் பிரிவுக்கே தலைவராகியிருந்தார். தனி அறை, மேசை, மின்விசிறி எல்லாம் உண்டு. மனிதர் அதில் உட்கார்ந்தால்தானே? காலை ஏழு மணிக்கே கேட்டில், தரையில் அடித்த மஞ்சள் கோட்டின் மேல் வந்து நின்றுவிடுவார். அவரைப் பொறுத்தவரை நாட்டின் எல்லை அதுதான்.

டிபன் கேரியரைக்கூடத் திறந்து பார்ப்பார். "இன்னாடா, மூணு நாளா எலுமிச்ச சாதமே வருது? ஊட்ல சண்டையா?" கேட்டுவிட்டு சமாதானத்துக்கு வழியும் சொல்லித்தான் உள்ளே விடுவார். பின்னால் நிற்கும் வரிசை பல்லைக் கடிக்கும்.

ஒருநாள் ஜெனரல் மேனேஜரே பாஸை மறந்துவிட்டு வந்தார். நைனா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"என்னைத் தெரியலையா?"

"உங்கள நல்லாத் தெரியுது சார். பாஸ்தான் தெரியல."

கார் வீட்டுக்குத் திரும்பியது. நைனாவுக்கு அந்தமானுக்கு மாற்றல் என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். வந்ததோ பாராட்டுக் கடிதம்.

வெளியாள் என்றால் நான் சீட்டு எழுத வேண்டும். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர். அந்த ஆள் கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். இது நைனா போட்ட சட்டம். அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை அறையில் வைக்கலாமென்று கோட்டைத் தாண்டக் காலெடுத்த மனைவி ஸ்டெல்லாம்மாவையே, "சீட்டு எழுதிகினு வா" என்று நிறுத்தினார். அந்தம்மா கேரியரோடு வீடு போய்ச் சேர்ந்தார். நைனா அன்று பட்டினி.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். விதிப்படி நாலு மணிக்குப் பாஸை என்னிடம் ஒப்படைத்தார். நாலரைக்குக் கேன்டீனில் பிரிவு விழா. மனைவி பெயருக்கு முன்கூட்டியே வாங்கிய சீட்டோடு அவரை அழைக்க வெளியே போனார். ஸ்டெல்லாம்மா உள்ளே வந்துவிட்டார். நைனா கோட்டருகே நின்றுவிட்டார்.

"வாங்க, இன்னா நிக்கிறீங்க?"

"பாஸ் இல்லியே, ஸ்டெல்லா."

"அன்னிக்கு என்னை வெயில்ல திருப்பி அனுப்புனீங்க இல்ல? நல்லா வேணும்!"

அதற்குள் புது ஜெனரல் மேனேஜர் ஓடி வந்தார். "நான் பொறுப்பு, வாங்க."

"உங்க நாற்காலில முன்ன இருந்தவரையே திருப்பி அனுப்புனவன் சார் நானு. கடேசி நாள்ல கெடுத்துக்க மாட்டேன்."

மாலை உள்ளே, கழுத்து வெளியே. நான் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "யாரைப் பாக்கணும் நைனா?"

கேட்டே அதிரப் பேசுகிறவர் முணுமுணுத்தார். "எல்லாரையும்தான்பா."

"ஒரு பேர்தான் எழுதலாம். உங்க சட்டம்."

பாவி, ஏன் சொன்னேனோ! விஷயம் கேன்டீனுக்குள் போனதும் கூட்டம் மொத்தமும் கேட்டுக்கு வந்துவிட்டது. "என் பேரைப் போடுப்பா!" "நான் கூட்டிகினு போறேன் நைனாவ!" ஒரே கூச்சல்.

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார். "எல்லாரும் பாஸ் வச்சிகினு கீறீங்களா? அப்பால உள்ள வுட மாட்டாங்க!"

யார் பெயரை எழுதுவதென்று முடிவாகாமல், கடைசியில் கோட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில்தான் அவருக்கு மாலை விழுந்தது.

அந்தச் சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. 'யாரைப் பார்க்க' என்ற கட்டம் மட்டும் காலி. நைனா இன்னொரு முறை கேட்டுக்கு வருவாரென்றால், யோசிக்கவே மாட்டேன். அதில் என் பெயரை எழுதிவிடுவேன்.