புழு பிடிக்காத பட்டாம்பூச்சி ரசிகர்

பட்டாம்பூச்சி ரசிகர் என்றொரு இனம் உண்டு. பட்டாம்பூச்சியைவிட அதிகமாகப் படபடக்கும். கழுத்தில் கேமரா, சட்டையெங்கும் பை, நாக்கு நுனியில் ‘இயற்கை’. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்குமே?

நம்மவர் ஒரு காப்பீட்டு மேலாளர். நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சி ஒன்றைச் சிறகு விரித்த கோலத்தில் படமெடுத்து, கேமரா சங்கக் கண்காட்சியின் நடுச்சுவரில் மாட்டப்போவதாகச் சங்கத்திலும் அலுவலகத்திலும் மாமனாரிடமும் சொல்லிவிட்டார். மாமனார் சிரித்தார். அதோடு அது மானப் பிரச்சினையாயிற்று. அந்த மானம் அவரை அவரைக்கொடி வளர்க்க வைத்தது. நீலத்துக்கு அந்தப் பூதான் பிடிக்குமாம், புத்தகம் சொன்னது.

மாடியில் கொடி பூத்தது. பட்டாம்பூச்சியும் வந்தது, அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து. மொட்டுகளில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிட்டுப் போனது. “ஒரே தூசி!” என்று ஈரத்துணியால் துடைத்தார். தப்பியவை பொரிந்து, மொட்டைக் குடையும் பச்சைப் புழுக்களாயின. அவை கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் கூடவே காவல் நடந்தன.

“ஐயையோ, புழு! கூட எறும்பு வேற! மருந்து எங்கே?”

“ஏங்க, அதெல்லாம் உங்க நீலத்தோட குழந்தைங்க,” என்றாள் மனைவி.

“புத்தகம் படிச்சது நீயா, நானா?”

அவர்தான். படம் போட்ட பக்கங்களை மட்டும்.

மருந்தடித்துவிட்டு, நாற்காலி போட்டுக் காத்திருந்தார். கண்காட்சிக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. மருந்துக்குத் தப்பிய ஒரே புழு, நாற்காலிக்கடியில் கிடந்த சருகுக்குள் பழுப்புக் கூடாகியிருந்தது; அன்று காலை கூடு வெடித்தது. உள்ளிருந்தது வெளியே வந்து, சிறகுலர்த்தி, சிறகை மூடியபடியே கேமரா மேல் உட்கார்ந்தது. மூடிய சிறகுக்கு ஏது நீலம்? சாம்பல் பழுப்பு, அலையலையாய்க் கோடுகள். வால்பக்கம் பொய்க் கண்கள், கொம்பு மாதிரி ஒரு நூல். பறவை அதைத் தலையென்று நம்பிக் கொத்தி ஏமாற வேண்டும். (நம்மவரையும் ஊர் அந்தப் பக்கமாகப் பார்த்துத்தான் மதிக்கிறது.)

“சீ, விட்டில்!” புறங்கையால் தட்டிவிட்டார்.

அது சிறகை விரித்தது. நீலம். அத்தனையும் நீலம்.

“ஏங்க! ஏங்க! மேல பாருங்க!”

“இரு, அந்தச் சனியன் லென்ஸெல்லாம் தூள் கொட்டிட்டுப் போயிருக்கு,” என்று குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் மகள் முதல்முதலாகப் பாடியபோது, “காது வலிக்குது, ஒழுங்காக் கத்துக்கிட்டு அப்புறம் வந்து பாடு” என்று கதவைச் சாத்தினீர்களே, அந்த மருந்துப் புட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?