பூச்சிமருந்துக் கடைக்காரர் வீட்டுத் திராட்சை

ஒழுக்கம் என்ற சொல்லுக்கு அகராதிகள் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்கின்றன. வீண் காகிதச் செலவு. 'பார்க்க: சின்னமனூர் சண்முகராஜ்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் வீட்டு வாசலுக்குள் ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூட நுழையவிடாமல் பதினொரு வருடம் காவல் காத்தவர் அவர் ஒருவரே. அவர் பார்க்கும் தொழில், பூச்சிமருந்துக் கடை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சாராயம் விற்கிறவர் அதைத் தொட்டும் பார்க்காமல் இருந்தால் 'என்ன கட்டுப்பாடு பாருங்கள்' என்று மெச்சுகிறோமா இல்லையா? சண்முகராஜை மட்டும் ஏன் ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டும்?

மருந்துப் புட்டியோடு ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதைக் கம்பெனிக்காரர்கள் படிப்பதில்லை, வேளாண்மை அதிகாரிகள் படிப்பதில்லை, விவசாயிகள் அதில் வடை மடிக்கலாமா என்று மட்டும் பார்ப்பார்கள். சண்முகராஜ் பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படிப்பார். கண்ணில் பட்டால் என்ன ஆகும், நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படித்ததைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரையாவது அவர் பயமுறுத்தியதில்லை. அறிவை அவ்வளவு அடக்கமாக வைத்திருந்தார்.

கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற சடங்கைப் பார்க்க வேண்டும். வெளிக்கதவருகே சுவரில் ஓர் ஆணி. 'கடைச் சட்டை' அதில் தொங்கும். செருப்பு தெருவிலேயே நிற்கும். குழாயடியில் முழங்கை வரைக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டு, துவைத்த வேட்டிக்கு மாறி, அப்புறம்தான் உள்கதவைத் திறப்பார்.

"சபரிமலைக்கு மாலை போட்டவுக கூட இம்புட்டுச் சுத்தம் பாக்க மாட்டாக" என்பாள் அவர் மனைவி முத்துமாரியம்மாள்.

"அவுக தப்பு செஞ்சா சாமி மன்னிக்கும். செடி மன்னிக்காதுடி" என்பார் சண்முகராஜ்.

உள்ளே போனால் வேறு உலகம். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது அங்கே கீரைப் பாத்தி பச்சைப் பசேல் என்றிருக்கும். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, நாலு வகைக் கத்தரி, வேலி நெடுக அவரை. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் பந்தல் போட்டு ஒரு பன்னீர் திராட்சைக் கொடி. பூச்சி வந்தால் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்துத் தெளிப்பார்கள். தெளிப்பார்கள் என்றால், அரைப்பதும் கரைப்பதும் தெளிப்பதும் முத்துமாரியம்மாள். 'ஆலோசனை வழங்குவது' சண்முகராஜ்.

அந்த வருடம் ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. தேனி கடைத்தெருவில் பாத்திரக்கடைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் கிருபாவதி, கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துக் கர்ப்பமாகியிருந்தாள். சண்முகராஜ் கடையைச் சாத்திவிட்டு, கல்லாப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அதைக் கேலி செய்யக் கூடாது. உண்மையாகவே அழுதார். அந்த வாரமே தேனிக்குப் போய் மகளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பிள்ளை பொறக்கிற வரைக்கும் வெளிக் காய் ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. வெளிப் பழம் எம்மக நாக்குல படக் கூடாது" என்று ஆணை பிறப்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. நம்ம வீட்டுத் திராட்சை மட்டும் எப்பப் பழுக்கும்னு சொல்லுங்க. நாக்கு அதையே கேக்குது" என்றாள் கிருபாவதி.

மகள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். சண்முகராஜ் அன்றைக்கே ஆள் வைத்து, புதுத் துளிர் விடும்படி கொடியைக் கவாத்து வெட்டினார். கார்த்திகையில் பழம் வந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணி மகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு பந்தலைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது. மேற்குமலையிலிருந்து இறங்குகிற அந்தக் காற்று வேட்டியை மட்டும் அல்ல, மானத்தையும் சேர்த்துத் தூக்கும். சண்முகராஜ் வீட்டுக்கு மேற்கே சுவரை ஒட்டிப் பொன்னுராஜின் திராட்சைத் தோட்டம். பொன்னுராஜ் அவருடைய இருபது வருட வாடிக்கையாளர், நல்ல மனுசன், சொன்ன மருந்தைச் சொன்னதற்கு மேல் ஒரு மூடி கூடுதலாகவே ஊற்றி அடிப்பவர். அவர் விசைத்தெளிப்பானைப் போட்டதும் வெள்ளைப் புகை மாதிரி கிளம்பிச் சுவரைத் தாண்டி வந்தது. சண்முகராஜ் மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரேறிக் கத்தினார்.

"பொன்னு! நிறுத்துப்பா! காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாத்தியா?"

"ஆடியில காத்து இங்கிட்டுத்தான அண்ணாச்சி அடிக்கும். முந்தாநாள் நீங்கதான அடிக்கச் சொல்லிக் குடுத்தீக."

"அடி, வேணாங்கல. காத்து திரும்புற நேரமாப் பாத்து அடி."

"திரும்புச்சுன்னா அங்கன பள்ளிக்கூடம்ல இருக்கு?"

சண்முகராஜ் யோசித்தார். பொறுப்புள்ள குடிமகன் யோசிக்கத்தான் வேண்டும்.

"பள்ளிக்கூடம் நாலரைக்கு விட்டுருவாகள்ல?" என்றார்.

அப்படியே உடன்பாடு ஏற்பட்டது. நாலரைக்கு மேல் சிறப்பு வகுப்பு நடப்பது இருவருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

புரட்டாசியில் 'நஞ்சில்லா முற்றம் இயக்கம்' என்றொரு அமைப்பு பள்ளத்தாக்கின் சிறந்த வீட்டுத்தோட்டத்துக்கு விருது அறிவித்தது. தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் கிறிஸ்டோபர். அடுக்குமாடியில் குடியிருப்பதால் அவருக்கு முற்றம் கிடையாது, ஆகவே நடுநிலை தவறமாட்டார் என்று நம்பப்பட்டது. செயலாளர் அனிதா மேரி. விண்ணப்பத்தில் 'இரசாயனப் பூச்சிக்கொல்லிகளுடன் உங்களுக்கு உள்ள தொடர்பு' என்றொரு கட்டம் இருந்தது. சண்முகராஜ் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். 'வீட்டில் இல்லை' என்று எழுதினார். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டார். கார்த்திகை முதல் ஞாயிறு குழு நேரில் வரும் என்று கடிதம் வந்தது.

ஐப்பசி வந்தது. பிடித்த மழை விடவில்லை. பந்தலில் பிஞ்சு பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கிய நேரத்தில், ஒரு காலை சண்முகராஜ் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மாவு தூவின மாதிரி வெள்ளை. மேலே மஞ்சள் திட்டு. செவட்டை நோய். திராட்சைக்காரர்கள் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்காருகிற பெயர் அது.

அதே வாரம் கடைக்குப் பொன்னுராஜ் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, தோட்டம் பூராம் செவட்டை. எதையாச்சும் குடுத்துக் காப்பாத்துங்க."

சண்முகராஜ் அலமாரியில் கைவிட்ட வேகத்துக்கு மருத்துவர்கள் வெட்கப்பட வேண்டும். "இதை அடி. மூணு நாள்ல இலை கண்ணாடி மாதிரி ஆயிரும்."

"அடிச்சுட்டு எத்தன நாள் கழிச்சுப் பழம் பறிக்கலாம்?"

"தாள்ல ஒரு கணக்குப் போட்டிருப்பாக. அது வெளிநாட்டுக்காரக வயித்துக்குப் போட்ட கணக்கு. நம்ம ஆளுகளுக்கு என்ன செய்யும்? லாரி எப்ப வருதோ அப்பப் பறி."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மருந்துப்பா இது. நோய்க்குத்தான் எமன். மனுசனுக்குப் பால் மாதிரி."

பொன்னுராஜ் கும்பிட்டுவிட்டுப் போனார். சண்முகராஜ் கடையைச் சாத்தி, சட்டையை ஆணியில் மாட்டி, கைகழுவி, உள்ளே வந்து ஏணியைப் போட்டார். நோய் பிடித்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். மிச்சத்துக்குப் புளித்த மோரைத் தெளித்தார். மழை மோரைக் கழுவியது. மறுபடி தெளித்தார். எட்டு நாள் இப்படி நடந்தது. கொத்துகள் கருகி உதிர்ந்துகொண்டே இருந்தன.

"ஏங்க, கடையில அலமாரி நெறைய மருந்த வச்சுக்கிட்டு, இங்கன மோர அடிச்சுக்கிட்டு நிக்கிறீகளே? பொன்னுராஜ் தோட்டம் தெளிஞ்சிருச்சாம்ல" என்றாள் முத்துமாரியம்மாள்.

"அது வியாபாரம். இது வீடு."

"அங்கனயும் திராட்சைதான காய்க்குது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது" என்றார் சண்முகராஜ். சொல்லிவிட்டு மோர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

கடைசியில் ஏழு கொத்து தப்பின. அடுப்படிப் பக்கம், கூரைக்கடியில் சாரல் படாத இடத்தில். சண்முகராஜ் தினமும் போய் எண்ணினார். கருத்துப் பழுக்க ஆரம்பித்ததும் கொசுவலையைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் பை தைத்துப் போட்டார். விருது கிடைத்தாலும் சரி, போனாலும் சரி, அந்த ஏழையும் மகள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டார். இந்த ஒரு வேண்டுதலில் கலப்படம் இல்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு. வாசலில் 'நஞ்சில்லா முற்றத்துக்கு நல்வரவு' என்று பதாகை. வாடிக்கையாளர்களான விவசாயிகள் நாற்பது பேர் கைதட்டுவதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரும் அனிதா மேரியும் பாத்தி பாத்தியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்பந்தலில் அமர்ந்தார்கள். வந்தவர்களுக்குப் பழம் வைக்க வேண்டுமே. வீட்டுக் கொத்து மகளுக்கு. ஆகவே முத்துமாரியம்மாள் காலையில் கடைத்தெருவில் வாங்கி வந்த பன்னீர் திராட்சையைத் தட்டு நிறைய வைத்தாள்.

பேராசிரியர் வாயில் நாலைந்து பழத்தைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இந்த முற்றத்தில் மூச்சு விடுவதே ஒரு பாக்கியம்..." என்று தொடங்கினார்.

அப்போது அடுப்படிப் பக்கம் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

முதுகில் விசைத்தெளிப்பானோடு பொன்னுராஜ், சுவரேறி உள்ளே குதித்திருந்தார். அண்ணாச்சிக்கு விருது கொடுக்கிற நாளில் இலையெல்லாம் சீக்குப் பிடித்து நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. கைவசம் மிச்சமிருந்த மருந்தைக் கலக்கி, பந்தலின் அந்த மூலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வலைப்பைகளிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டியது.

"நிறுத்துலே!" என்று சண்முகராஜ் பாய்ந்தார். இருபது வருடத்தில் பொன்னுராஜை அவர் 'ஏ' போட்டுக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏலே, விஷத்த அடிக்கியேலே! மனுசன் திங்கிற பழம்லே அது!"

பொன்னுராஜ் இயந்திரத்தை நிறுத்தினார். நாற்பது பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"விஷம் இல்ல அண்ணாச்சி. நீங்க குடுத்த மருந்துதான். பால் மாதிரின்னு சொன்னீகளே?"

சண்முகராஜ் ஏணியில் ஏறி ஒரு பையை அவிழ்த்தார். பழம் நனைந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. ஏழையும் பார்த்துவிட்டு, ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாங்க பறிச்சு லாரியில ஏத்துறோமே, அத யாரு திங்கிறாக? மாடா?" என்று கேட்டார் பொன்னுராஜ். குரலில் கோபம் ஏறியிருந்தது.

"என்னையக் கேக்கியா? கிணத்தடியில உன் வீட்டுக்குன்னு தனியா நாலு கொடி வச்சிருக்கியே, அதுக்கு என்னைக்காவது என்கிட்ட மருந்து வாங்கியிருக்கியா?"

பொன்னுராஜ் தரையைப் பார்த்தார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சின்னமனூரில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மண்ணை ஆராய்ந்தது வேளாண்மை வரலாற்றில் அதுவே முதல் தடவை. பேராசிரியர் மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கவும் முடியாமல், விருந்து வீட்டில் துப்பவும் முடியாமல், கன்னம் உப்ப நின்றார்.

கிருபாவதி வயிற்றில் கைவைத்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தாள். நனைந்த கொத்துகளை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"அப்பா, அஞ்சு வருசமா தேனியில நான் கடைப் பழந்தானப்பா தின்னேன்? அப்பல்லாம் நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

எந்தத் தாளிலிருந்தும் பதில் எடுத்துச் சொல்லக்கூடிய சண்முகராஜ், அவிழ்த்த பைகளை ஒவ்வொன்றாக மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

அனிதா மேரி குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, அன்று காலை பத்தே முக்கால் வரைக்கும் அந்த முற்றம் விதிமுறைப்படி நஞ்சில்லாமல்தான் இருந்தது என்று அறிவித்தார். விருது சண்முகராஜுக்கே வழங்கப்பட்டது. அது நியாயமான தீர்ப்பு. அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் பாசமுள்ள தகப்பன்மார்கள், தங்கள் பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். தெரிந்த அன்றிலிருந்து அதை ஒரு பழம் விடாமல் பறித்து, பெட்டியில் அடுக்கி, உங்கள் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.