ஆல்பத்தில் பதினோரு காலி இடங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு உன் சர்க்கரையும் அத்தானின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். பிய்த்துப் போடாமல் படி என்று எழுத வந்தேன். அந்தச் சொல்லால்தானே மூன்று மாதமாக நமக்குள் பேச்சில்லை.

அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த போட்டோ ஆல்பத்தை, பழைய வீட்டைக் காலி செய்த அன்று எல்லோர் முன்னாலும் விரித்து, "பாதிப் படத்தைச் சின்ன வயசுல இவதான் பிய்ச்சு எடுத்தா" என்று நான் சொன்னேன், நீ காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாய். முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த புத்தி, யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அப்பா கை நீட்டியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் இந்த ஆல்பத்துக்காக, உன் மேல். ஆகவே நீதான் குற்றவாளி என்று அறுபது வருஷத்துக்கு முன்பே வழக்கை முடித்துவிட்டேன்.

நீ போன பிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். இருபத்து மூன்று இடம், பன்னிரண்டு படம், ஒன்றில்கூட அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. யார் யாரோ பெண்கள், மடியில் குழந்தைகள். முகாமுக்கு ஒரு குடும்பம் வைத்திருந்தாரா மனுஷன் என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டால், "யாரு, உங்கப்பாவா? சாப்பாட்டுல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லவே ரெண்டு நாள் யோசிப்பாரு. போய் வேற வேலை இருந்தாப் பாருங்க" என்கிறாள். மனசு கேட்கவில்லை, கடைத்தெரு ஸ்டூடியோக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பன்னிரண்டும் பன்னிரண்டு ஊர் ஸ்டூடியோ. எல்லாம் சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த படம். இது ஒரு ஆளோட குடும்பம் இல்ல சார். படம் இல்லாத எடத்துல பென்சில்ல என்னமோ இருக்கே, படிச்சீங்களா?" என்றார். படிக்கவில்லை. காலி இடத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அப்பாவின் எழுத்து. ஒரு தேதி, 'வாங்கி வைத்தது'. அதன் கீழே இன்னொரு தேதி, 'திருப்பிக் கொடுத்தது', பக்கத்தில் வேறு யாருடைய கையெழுத்தோ. படம் உள்ள இடத்தில் தூக்கிப் பார்த்தால் முதல் தேதி மட்டும்தான். அக்கா, இது நம் ஸ்டேஷனில் பெட்டி வாங்கி வைக்கும் க்ளோக் ரூம் ரிஜிஸ்டரேதான். அப்பா பட்டாளத்தில் சண்டை முனைக்குப் பின்னால் சாமான் கிடங்கில் இருந்தவர். சண்டைக்கு முன்னால் போகிறவர்கள், நனைந்துவிடும் என்று வீட்டுப் படத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். காலி இடமெல்லாம் உயிரோடு வந்தவர்கள். படம் இருக்கிற இடம்தான் வராதவர்கள். அந்தப் பெண்களையெல்லாம் நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக, நீ எதையும் பிய்க்கவில்லை, யாருமே பிய்க்கவில்லை, பதினோரு பேர் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கையெழுத்தும் இல்லை, இரண்டாவது தேதியும் இல்லை. வந்த சந்தோஷத்தில் விட்டுப்போயிருக்கும், போகட்டும் என்று விட்டுவிட்டேன். சர்வீஸில் ஒருத்தரைக்கூட நான் அப்படி விட்டதில்லை. அப்பா உன்னை ஏன் அடித்தார் என்பதுதான் விளங்கவில்லை. பெரியவர்களும் தப்புப் பண்ணுவார்கள். உன் மேல் இருந்த வழக்குத் தள்ளுபடி. இனிமேலாவது போனை எடு.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சண்டை போட்டு உடனே சேர்ந்துகொள்ளட்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தோடு உன் சின்ன வயசுப் படம் ஒன்றை வைக்கலாம் என்று என் வீட்டுக்காரி பரணில் இருந்த என் பள்ளிக்கூடப் பெட்டியை இறக்கினாள். என் பூகோளப் புத்தகத்துக்குள் ஒரு படம் இருந்தது. ஒரு பெண், மடியில் குழந்தை, காலடியில் ஒரு நாய்க்குட்டி. நாய் வேண்டும் என்று நான் அழுததும், அப்பா முடியாது என்றதும், அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையெழுத்து இல்லாத அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன், அளவு அப்படியே பொருந்துகிறது. எடுத்தவன் நான், அடி வாங்கியவள் நீ. மேலே பதினோரு பேர் என்று எழுதியதைப் பத்து என்று திருத்திக்கொள். உன்னைப் போனை எடுக்கச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் திரும்பி வராத அந்த மனுஷரை அவர் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும், தனியாகச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வா அக்கா.