ராகு காலத்துக் கட்டளை

“நகருங்க அண்ணாச்சி! இன்னும் பத்து நிமிஷந்தான்!”

மானேஜர் சங்கரபாண்டியனின் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள் இந்துமதி. வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்குள் ‘லைலா’ கப்பலில் ஏறும் நூற்றெண்பது கன்டெய்னரின் விவரமும் கப்பல் ஏஜெண்டுக்குப் போயாக வேண்டும். பெட்டிக்கு ஒரு ஃபைல். போன கப்பலில் இருபது பெட்டி துறைமுகத்திலேயே தங்கியது. பழி இவள் தலையில். இன்றும் தங்கினால் வேலை காலி என்று முதலாளி சொல்லியாகிவிட்டது.

“ராகு காலம் முடியட்டும்ளா. ஒண்ணொண்ணா அனுப்பிக்கிடுவோம்.”

“அதுக்குள்ள கப்பல் கொழும்பு போயிரும்!”

கறுப்புத் திரையைத் திறந்து, D டிரைவில் அந்தக் கப்பலின் ஃபோல்டருக்கு நகலெடுக்கத் தட்டினாள்: copy *.txt D:\LAILA

“நட்சத்திரம் எதுக்கு?”

“எல்லா ஃபைலையும்னு அர்த்தம்.”

பெயர்கள் சரசரவென ஓடின. ஜோர்! அடுத்த கப்பலோடு கலந்துவிடாமலிருக்க, மூல ஃபைல்களை அழித்தாள்: del *.txt /q

“அந்த q?”

“கேள்வி கேக்காம செய்னு அர்த்தம். இந்த ஆபீஸ்ல எங்கிட்ட எல்லாரும் சொல்லுததுதான்.”

அப்புறம்தான் மேலே இருந்த வரியைப் படித்தாள்: 1 file(s) copied.

ஒன்றா?

“அண்ணாச்சி, காலையில உங்களைத் திறக்கச் சொன்ன லைலா ஃபோல்டர் D-யில இருக்குல்லா?”

“ராகு காலத்துல புது ஃபோல்டர் திறப்பனா? பன்னெண்டு அடிக்கட்டும்னு இருந்தேன்.”

ஃபோல்டர் இல்லாவிட்டால் copy எல்லாவற்றையும் ஒட்டி, அதே பெயரில் ஒற்றை ஃபைலாக்கிவிடும். ஃபோல்டர் உண்டாக்கப் பார்த்தாள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது திரை. திறந்து பார்க்கலாமென்று பெயரை LAILA.txt என்று மாற்றினாள். உப்பு, கருவாடு, முருங்கைப் பொடி, நூற்றெண்பது பெட்டியும் ஒரே வாலாக நீண்டு கிடந்தன.

வெட்டிப் பிரிக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டு. D-யில் txt என்று எதைக் கண்டாலும் பன்னிரண்டுக்கு ஏஜெண்டுக்கு அனுப்பிவிடும் ஏற்பாட்டை, போன வாரம் அந்தக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தவளும் அவள்தான்.

போயேவிட்டது!

“சொன்னா கேட்டியா? பட்டணத்துப் படிப்பு!” என்றார் சங்கரபாண்டியன். ஃபோன் அடித்தது. அவள் வாங்கப்போகும் ஏச்சை ஆபீஸே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

ஏஜெண்ட் ஆபீஸ் யாசிர் கத்தினான்:

“எல்லாப் பெட்டியும் ஒரே ஃபைல்ல, கரெக்டா பன்னெண்டுக்கு! யாரு அனுப்புனது? மூணு வருஷமா இதைத்தானே கேக்கேன், கம்ப்யூட்டர்ல அப்பிடி வசதியே கிடையாதுன்னு சங்கரபாண்டியன் அண்ணாச்சி சத்தியம்லா பண்ணுனாவ!”